தூணில்லாமல் நின்ற மாத்தூர் பாலம்: மெய்நிகர் உலகத்தை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 42 பிள்ளைகள். லேபில் 14 கணினிகள் ஓடுகின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர்கள் 3 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கம்பெனிக்காரர் வந்து வி.ஆர். ஹெட்செட்டை (கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் திரையை) மாட்டிக் காட்டினார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மெய்நிகர் உலகங்களை வைத்துப் பாடம் நடத்தினால் உண்மையிலேயே படிப்பு வருமா, விளையாட்டாகவே போய்விடுமா? எங்களிடம் இருப்பதை வைத்து எதைச் செய்யலாம்?

பதில்:

டீச்சர், படிப்பு வரும். ஆனால் அந்த 3 லட்சத்தை ஹெட்செட்டில் போட வேண்டாம். பணம் கைமாறுவதற்கு முன்னால் நீங்கள் தலைமையாசிரியரிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் கணினி ஆசிரியராக இருந்தவன். இந்த மெய்நிகர் உலக வகுப்புகளை ஒன்பது ஆண்டுகள் நடத்திப் பார்த்திருக்கிறேன். சில வகுப்புகள் வீணாகப் போயின. சிலவற்றைப் பற்றிப் பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகும் வந்து பேசுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பிள்ளைகள் சுற்றிப்பார்த்த உலகங்கள் மறந்துபோயின, கட்டிப்பார்த்த உலகங்கள் மனதில் நின்றன.

கம்பெனிக்காரர் காட்டியது சுற்றிப்பார்க்கிற வகை. மாட்டிக்கொண்டால் விண்வெளிக்குப் போகலாம், இதயத்துக்குள் போகலாம். பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும், வாய் பிளக்கும், கழற்றி அடுத்த பிள்ளையிடம் கொடுக்கும். கட்டிப்பார்க்கிற வகை சாதாரணக் கணினித் திரையிலேயே நடக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளே ஓர் உருவம் இருக்கும், அவதார் என்பார்கள். பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து நடக்கலாம், தோண்டலாம், கட்டலாம், ஒருவர் கட்டியதை இன்னொருவர் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டு தெரிந்திருக்கும், அந்த மாதிரி. அங்கே எல்லாம் கனசதுரக் கட்டைகள், பிள்ளைகள் பிளாக் என்பார்கள். ஒரு பிளாக்கின் பக்கம் 1 மீட்டர். இந்த 1 மீட்டர்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய கருவி.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை திருவட்டாறு வழியாக மாத்தூருக்குக் கூட்டிப்போனோம். கையில் இரண்டு 30 மீட்டர் அளவுநாடா, ஒரு மீட்டர் நீளக் கம்பு, நோட்டு. பரளியாற்றுக்கு மேலே இரண்டு மலைகளுக்கு நடுவில், நூறடிக்கு மேல் உயரத்தில், 28 தூண்களில் நிற்கிற தொட்டி அது. 1960-களில் பாசனத்துக்காகக் கட்டியது. பிள்ளைகளில் பாதிப்பேர் அதற்கு முன்பே மாமா, சித்தப்பாவோடு வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போனவர்கள்தான். தூண்களை எண்ணிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு எண்ணினார்கள். தூணுக்கும் தூணுக்கும் இடையே நாடா பிடித்தார்கள். கம்பின் நிழலையும் தூணின் நிழலையும் அளந்து உயரத்தைக் கணக்குப் போட்டார்கள். மூன்று குழுவுக்கு மூன்று விடை வந்தது. சண்டை. திரும்ப அளந்ததில், ஒரு குழு நிழலைச் சரிவான தரையில் அளந்திருந்தது தெரிந்தது. இவ்வளவும் கணினியைத் தொடுவதற்கு முன்னால் கிடைத்த பாடம்.

அடுத்த வாரம் லேபில் கட்டத் தொடங்கினார்கள். மூன்று பீரியடில் பாலம் எழும்பிவிட்டது. தொட்டியின் மேற்கு முனையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் ஏழெட்டு பிளாக் ஓடியது, நின்றுவிட்டது. நாங்கள் எதையோ தப்பாகக் கட்டிவிட்டோம் என்று ஒரே பரபரப்பு. அவர்கள் கட்டியதில் தப்பில்லை. அந்த உலகத்தில் தண்ணீர் சமதரையில் அவ்வளவு தூரம்தான் போகும், அப்படித்தான் அதை எழுதியிருக்கிறார்கள். நிஜத்தில் பாலத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே ஒரு சின்னச் சரிவு வைத்துத்தான் தண்ணீரை நகர்த்துகிறார்கள். அது நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் சரிவு. ஆக, 1 மீட்டர் கட்டையை வைத்து அதைக் காட்டவே முடியாது. இது பிள்ளைகளுக்கு எளிதில் புரியவில்லை. அப்பா கொத்தனாராக இருந்த ஒரு பையன் எழுந்து, கட்டடம் கட்டும்போது டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைச் சொன்னான். மறுநாள் வீட்டிலிருந்து அந்த டியூபைக் கொண்டுவந்தே காட்டினான். வராந்தாவின் இரண்டு முனைகளிலும் பிடித்துப் பார்த்ததில், சமம் என்று எல்லாரும் நினைத்திருந்த வராந்தா ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. மழைத் தண்ணீர் எப்போதும் அந்தப் பக்கமே போவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் அதற்கு அடுத்த பீரியடில் நடந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "சாரே, தூண் எல்லாத்தையும் எடுத்து மாத்தியாச்சு. பாலம் விழல்லியே!"

உண்மைதான். 28 தூணையும் உடைத்துவிட்டார்கள். பாலம் அந்தரத்தில் அப்படியே நின்றது. அந்த உலகத்தில் மணலும் சரளையும்தான் கீழே விழும், கல்லும் கான்கிரீட்டும் விழாது. வகுப்பே திரண்டு வந்து அந்தத் திரையைப் பார்த்தது. அப்படியானால் நிஜத்தில் தூண் எதற்கு என்று கேட்டேன். எடை என்றார்கள். எவ்வளவு எடை? தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது எவ்வளவு, நிரம்பி ஓடும்போது எவ்வளவு? ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ என்பதைப் புத்தகத்தில் படித்தவர்கள்தான். ஒரு பிளாக் தண்ணீரின் எடை ஒரு டன் என்று அந்த நிமிடத்தில்தான் அவர்களுக்கு உறைத்தது. பிளாக்குகளை எண்ணினார்கள். எண்ணிக்கை ஏற ஏற குரல் தணிந்துபோனது. அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இதைக் கம்பெனிக்காரரின் ஹெட்செட் தராது. அதில் மாத்தூர் பாலத்தை அழகாகப் படம்பிடித்துக் காட்டலாம். தூணை உடைத்துப் பார்க்க விடாது. மெய்நிகர் உலகம் நிஜத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், எந்த இடத்தில் அது நிஜத்தைப் போல இல்லையோ அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது. தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மைன்கிராஃப்டில் இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால், அதிலிருந்து எவ்வளவு அள்ளினாலும் குறையாது. பேச்சிப்பாறையில் அணை திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வீட்டில் பேசிக் கேட்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள். "இங்கே ஏன் குறையவில்லை, அங்கே ஏன் வரவில்லை?" என்ற ஒரு கேள்வி ஒரு வாரத்துக்குப் போதும்.

சரி, பாலத்தை விட்டு உங்கள் பாடத்துக்கு வருகிறேன். அறிவியலுக்கு நான் ஒரு குளத்தைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடுநிலை வகுப்புகளுக்காக ஈகோமூவ் என்று ஒரு மெய்நிகர் குளத்தை உருவாக்கினார்கள். பிள்ளைகள் அந்தக் குளத்தின் கரையில் நடப்பார்கள். நாட்காட்டியில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய குளம் வரும். நீரின் வெப்பநிலை, கலங்கல், கரைந்திருக்கும் ஆக்சிஜன், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாவற்றையும் அளக்கலாம். நுண்ணுயிர்களைப் பார்க்கச் சின்ன நீர்மூழ்கியில் இறங்கலாம். ஒரு நாள் பெரிய மீன்கள் செத்துக் கிடக்கும். ஏன் என்று நான்கு பேர் கொண்ட குழு கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் நீர் வேதியியல், ஒருவர் நுண்ணுயிர், ஒருவர் உயிரினங்களின் எண்ணிக்கை, ஒருவர் சுற்றியிருப்பவர்களிடம் விசாரணை. யாரும் விஷம் வைக்கவில்லை. மழையில் உரம் அடித்துவரப்பட்டு, பாசி பெருகி, பின் அது செத்து அழுக, அழுக வைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. காற்றில்லாத வெக்கையான மூட்டமான நாட்களில் நிலைமை முற்றிவிடுகிறது. உரம் போட்ட இடமும் மீன் செத்த இடமும் வேறு, நாளும் வேறு. இந்தத் தூரத்துக் காரணத்தைப் பிடிப்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம், அதைத்தான் அந்தக் குளம் சொல்லித்தருகிறது. இதே பல்கலைக்கழகம் அதற்கு முன்பு ரிவர் சிட்டி என்று 19-ஆம் நூற்றாண்டு நகரம் ஒன்றைச் செய்திருந்தது. ஊரில் ஏன் இவ்வளவு நோய் என்று பிள்ளைகள் துப்பு துலக்க வேண்டும். தண்ணீரால் வருவது, கொசுவால் வருவது, ஆளுக்கு ஆள் தொற்றுவது என்று மூன்று கலந்திருக்கும். டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் பார்த்த ஊரில் அதுவும் நல்ல யோசனை, ஆனால் முதல் முயற்சிக்குக் குளம் எளிது.

நம் மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டன. வயல் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், தாமரை, ஆகாயத்தாமரை, வலசை வரும் பறவைகள் என்று ஒரு பாடப்புத்தகத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. விடியற்காலையில் குளத்தில் மீன் செத்து மிதந்தால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சு "எவனோ மருந்து கலக்கிட்டான்" என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஏன் விடியற்காலை என்று யாரும் கேட்பதில்லை. இரவில் பாசிக்கும் செடிக்கும் ஒளிச்சேர்க்கை கிடையாது, சுவாசம் மட்டும் நடக்கும். ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து விடிகிற நேரத்தில் மிகக் குறைந்த அளவுக்குப் போகிறது.

இதை நிரல் எழுதாமலே கட்டலாம். நான் செய்த விதம் இது. ஒரே குளத்தை நான்கு முறை பக்கத்தில் பக்கத்தில் கட்டினேன், நான்கு நாளுக்கு நான்கு குளம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு நடைபாதை. ஒவ்வொரு குளத்தின் கரையிலும் மூன்று இடத்தில் பலகை வைத்து, அங்கே அளந்தால் கிடைக்கும் எண்களை எழுதினேன். முதல் நாள் ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராம். வயலில் உரம் போட்ட மறுநாள் கனமழை. மூன்றாவது குளத்தில் தண்ணீர் பச்சை, பகலில் ஆக்சிஜன் 9. இந்த இடத்தில் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள், ஆக்சிஜன் கூடியிருக்கிறதே, குளம் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். நான்காவது குளத்தில் விடியற்காலை அளவு 1.5, கரையோரம் செத்த மீன். பொதுவாக 5-க்கு மேல் இருந்தால் மீனுக்கு நல்லது, 2-க்குக் கீழே போனால் பல மீன்கள் தாங்காது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வயலோரம் காலி உரச்சாக்கு, வீட்டோரம் சாக்கடை, தூரத்தில் ஒரு பூச்சிமருந்து டப்பா. எது குற்றவாளி என்று சண்டை போடட்டும் என்றுதான் அந்த டப்பாவையும் வைத்தேன். குழுவாக உட்கார்ந்து எழுதிய காரணத்தை வகுப்பில் நின்று வாதாட வேண்டும். மற்ற குழுக்கள் பலகை எண்ணைக் காட்டி மறுக்கலாம்.

அது முடிந்த வாரமே நிஜக் குளத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆக்சிஜன் சோதனைக் கிட் ஒன்று, ஒரு வெப்பமானி, இரண்டு வாளி போதும். மெய்நிகர்க் குளத்தைப் பார்த்த பிள்ளைகள் நிஜக் குளத்தைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். எந்த ஓடை எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்.

கணக்கு எடுக்கும் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு. சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து. மீட்டராக்கினால் பீடம் 12 பிளாக், சிலை 29 பிளாக், மொத்தம் 41. அங்கிருந்து விவேகானந்தர் பாறைக்கு 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அப்படியே 77 பிளாக், 10 பிளாக். அடியை மீட்டராக்குவது, முழுமையாக்குவது, அளவுத்திட்டம் எல்லாம் இதில் வந்துவிடும். இரண்டு பிளாக்கை எட்டாத அவதாரைச் சிலையின் காலடியில் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள், விகிதம் என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும்.

இனி உங்கள் லேப். முதலில் அந்த 14-ம் தனித்தனிக் கணினிகளா, ஒரே சர்வரில் (மையக் கணினியில்) ஓடும் முனையங்களா என்று பாருங்கள். முனையங்களாக இருந்தால் முப்பரிமாணப் படம் இழுத்துக்கொண்டே போகும், இந்த வேலைக்கு ஆகாது. தனிக் கணினியாக இருந்து 4 ஜிபி ராம் இருந்தால் போதும், பார்வைத் தூரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும்.

மென்பொருளுக்கு இரண்டு வழி. மைன்கிராஃப்டின் கல்விப் பதிப்பு 2016 நவம்பரில் வந்தது. கரும்பலகை, மாணவர் தாண்டக்கூடாத எல்லை, வழிகாட்டிப் பாத்திரங்கள் என்று வகுப்புக்கு வேண்டியதெல்லாம் உள்ளே உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு கணக்கு, ஆண்டுக் கட்டணம், இணையம் என்று வரும். நான் பயன்படுத்தியது அதே மாதிரியான மைன்டெஸ்ட். 2024 அக்டோபரில் அதன் பெயரை லுவான்டி என்று மாற்றிவிட்டார்கள். முழுக்க இலவசம், திறந்த மூலம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மென்பொருளை மட்டும் இறக்கினால் உள்ளே உலகம் இருக்காது, 'மைன்டெஸ்ட் கேம்' என்பதையும் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். அதில் பேய், பூதம், சண்டை எதுவும் கிடையாது, வகுப்புக்கு அதுவே நல்லது. ஒரு கணினியைச் சர்வராக்கி, நெட்வொர்க் ஸ்விட்சில் எல்லாவற்றையும் லேன் கேபிளால் இணைத்து, மற்றக் கணினிகளில் சர்வரின் ஐ.பி. எண்ணும் 30000 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் எல்லாரும் உள்ளே வந்துவிடலாம். இணையமே வேண்டாம். எஃப் 5 விசையை அழுத்தினால் நிற்கும் இடத்தின் எக்ஸ், ஒய், இசட் எண்கள் தெரியும், ஆயத்தொலைவுக்கு இதைவிட நல்ல கரும்பலகை நான் பார்த்ததில்லை. பலகைகளில் தமிழ் எழுத்து சிதையாமல் வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். சிதைந்தால் பலகையில் எண்ணை மட்டும் எழுதி, விளக்கத்தைக் காகிதத்தில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், பிள்ளைகள் நோட்டையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எழுதும் பழக்கமும் வந்தது.

ஒரு கணினிக்கு மூன்று பேர் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒருவர் மவுஸ், ஒருவர் அளவும் நோட்டும், ஒருவர் சரிபார்ப்பவர். 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும். மாறும் நேரத்தை நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் ஒரே கையில்தான் இருக்கும். பெரும்பாலும் வீட்டில் போன் வைத்து விளையாடும் பையன் கைதான் அது. பெண்பிள்ளைகள் நோட்டோடு ஒதுங்கிவிடுவார்கள். முதல் ஆண்டு நான் இதைக் கவனிக்கத் தவறினேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

முதல் பீரியடில் ரகளைதான் நடக்கும். ஒருவன் வீட்டை ஒருவன் உடைப்பான், யாராவது எரிகுழம்பு வாளியைக் கண்டுபிடித்துக் கொட்டுவான். அதை ஒரு பீரியட் விட்டுவிடுங்கள். இரண்டாவது பீரியடில் சட்டத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். பிறகும் உடைப்பவனுக்கு இன்டராக்ட் என்ற உரிமையைச் சர்வரிலிருந்து எடுத்துவிடலாம், நடந்து பார்க்க முடியும், எதையும் தொட முடியாது. பத்து நிமிடம் போதும். தினமும் மணி அடித்ததும் உலகத்தின் கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். ஐப்பசி இடியில் கரண்ட் போய், மூன்று வார வேலை காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அழுத பிள்ளைகளைத் தேற்றுவது பெரும்பாடு.

ஹெட்செட் பற்றி நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்பார். 2018-ல் ஓர் ஆய்வில், ரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைச் சிலருக்கு ஹெட்செட்டிலும் சிலருக்குச் சாதாரண ஸ்லைடுகளிலும் காட்டினார்கள். ஹெட்செட்காரர்களுக்கு ஆர்வம் அதிகம், ஆனால் ஸ்லைடு பார்த்தவர்கள்தான் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஹெட்செட்டிலேயே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, சொந்த வார்த்தையில் சுருக்கம் எழுதியவர்களுக்கு நிலைமை மேம்பட்டது. 2019-ல் 52 பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரே ஆய்வகப் பாடத்தைக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்துப் பார்த்தபோது, ஹெட்செட்டில் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. மூளைக்குச் சுமை ஏறிவிடுகிறது. இரண்டும் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள், எட்டாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளின் குஷியைப் பார்த்து, படிப்பு ஏறிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இவை போதும். வயதும் ஒரு விஷயம். மெட்டா நிறுவனம் தன் ஹெட்செட்டுக்கு 13 வயது என்றுதான் வைத்திருந்தது, 2023-ல் பெற்றோர் மேற்பார்வையில் 10 வயதிலிருந்து என்று மாற்றியது. தலைசுற்றல், வியர்வை, 42 முகங்களுக்கு ஒன்றையே மாட்டுவது எல்லாம் கூடவே வரும்.

இன்னொன்று, இந்தத் துறையில் கடைகள் மூடிக்கொண்டே இருக்கின்றன. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகம் 2003-ல் வந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதில் தீவு வாங்கி வளாகம் கட்டின. பிறகு கல்வி நிறுவனங்களுக்கான கட்டணச் சலுகையை எடுத்ததும் பலர் கட்டியதை விட்டுவிட்டு வெளியேறினார்கள். வகுப்புகளுக்கு மெய்நிகர்ச் சுற்றுலா காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் 2021 ஜூனில் நின்றது. பலர் கூடிப் பேசும் மெய்நிகர் உலகமான ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில். மொசில்லா நிறுவனம் அதே மாதிரியான தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாதக் கடைசியில் மூடியது. இவை அனைத்தையும் நம்பி ஆசிரியர்கள் பாடம் தயாரித்திருந்தார்கள். அதனால் நீங்கள் கட்டுகிற குளம் உங்கள் பென்டிரைவில் இருக்க வேண்டும். கம்பெனிக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் நாளைக்குத் தொழிலை நிறுத்தினால் இதில் எது ஓடும்?"

இணையத்தில் இருக்கும் பொது உலகங்களுக்குள் பிள்ளைகளை விடவே வேண்டாம். யார் யாரோ வந்து பேசுவார்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. லேன் கேபிளோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. அவதாருக்கு நிஜப் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும்.

எதைக் கட்டக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் 2004 டிசம்பர் 26 சுனாமியை மெய்நிகரில் நடத்தலாமா என்று கேட்டார். குளச்சல், மணக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் அதன் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலில் அப்பா திரும்பாத பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அலை வந்து வீட்டை அடிப்பதைத் திரையில் காட்டிப் பாடம் எடுக்க வேண்டாம். கடற்கரையின் உயர வரைபடத்தைக் கட்டி, எங்கே ஓடினால் மேடு என்று வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அது போதும். கடற்கரைப் பிள்ளைகள் அதில் நமக்கே சொல்லித்தருவார்கள்.

மதிப்பெண் போடும்போது கட்டடத்தின் அழகுக்குப் போடாதீர்கள். நோட்டில் எழுதிய காரணத்துக்குப் போடுங்கள். பெற்றோர் "ஸ்கூலிலயும் கேமா?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். ஒரு சனிக்கிழமை அவர்களை லேபுக்கு வரச் சொல்லி, பிள்ளைகளே குளத்தைச் சுற்றிக் காட்டி, மீன் ஏன் செத்தது என்று சொல்லட்டும். வயல் வைத்திருக்கும் அப்பாக்கள் உடனே உரக் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

3 லட்சத்தில் முதலில் பழைய கணினிகளுக்கு ராம், நல்ல மவுஸ், ஒரு ஸ்விட்ச், யுபிஎஸ் பேட்டரி வாங்குங்கள். அடுத்து நான்கு அளவுநாடா, சோதனைக் கிட். பிறகு மாத்தூருக்கும் தேரூருக்கும் போக வர பஸ், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. மீதியைத் தொடாமல் அடுத்த இரண்டு ஆண்டுப் பயணங்களுக்கு வையுங்கள். பழைய மாணவர்களிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், அவர்களும் அந்தக் குளங்களில் குளித்து வளர்ந்தவர்கள்தானே.

மாத்தூருக்குத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். பேச்சிப்பாறை வழக்கமாக ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள், அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் போனால் சரியாக இருக்கும். குளத்துக்கு வடகிழக்கு மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும். மொத்தம் எட்டு பீரியடுக்கு மேல் லேபில் வேண்டாம். என்னுடைய நான்கு குளங்களும் பலகை எண்களும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. தக்கலைப் பக்கம்தான் இருக்கிறேன், ஒரு காலிப் பென்டிரைவோடு யாரையாவது அனுப்புங்கள், தந்துவிடுகிறேன். நான்காவது குளத்தின் பலகைகளை மட்டும் பிள்ளைகள் வருவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள், உங்கள் ஊர் வயலுக்கு ஏற்றபடி எண்களை மாற்ற வேண்டியிருக்கும்.